கூர் மழுங்காத மூலைகள்

அத்தியாயம் 17

டுவேன் ஹ்ரோமக்கைப் போன வாரம் அக்கா வீட்டு மாடிப்படியில், ஒரு பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி விட்டுவிட்டு வந்தோம். இந்த வாரமும் அவன் அதே பெட்டியைத்தான் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறான். நடுவில் நடந்த முன்னேற்றம், படியிறங்கி வேனுக்குள் வந்து உட்கார்ந்தது. ஐம்பத்தாறு வயது மனிதன் ஒரு வாரத்துக்கு இவ்வளவு முன்னேறினால் போதும் என்பது அவன் கட்சி.

அக்கா மார்லீன் கதவைத் திறந்து, காலணியிலிருந்த பனியைத் தட்டிவிட்டு ஏறினாள்.

"அதைப் பின்னாடி வை. மடியில வெச்சுக்கிட்டா வண்டி ஓட்டப் போற?"

"ஸ்கூல் பஸ்ல நாப்பது பிசாசுங்கள வெச்சுக்கிட்டு தினமும் ஓட்டுறேன். இதுங்க பாவம், சத்தம் கூடப் போடாது."

"பின்னாடி வை, டுவேன்."

வைத்தான். பெட்டிக்கு சீட் பெல்ட்டும் மாட்டினான். மார்லீன் அதைப் பார்த்துவிட்டுத் தன் பெல்ட்டை மாட்டினாள்.

பெட்டிக்குள் இருந்தது அப்பா எமில் வாழ்நாளெல்லாம் சேர்த்த, ஆட்டக்காரர்கள் படம் போட்ட பேஸ்பால் கார்டுகள். சூயிங் கம் பொட்டலத்தோடு வந்த காலத்திலிருந்து சேர்த்தவை. அப்பாவின் வீடு விற்ற பணம், அவர் இப்போது இருக்கும் வில்லோ முதியோர் இல்லத்தின் வாடகையிலேயே கரைந்துவிட்டது என்பது உங்களுக்குத் தெரியும். இந்த மாதத்தோடு கையிருப்பு தீர்ந்தது. இனி விற்க இந்தப் பெட்டிதான் பாக்கி. இதற்கு நல்ல விலை வராவிட்டால், அப்பாவை மலைக்கு அந்தப்பக்கம் இருக்கும் அரசாங்க முதியோர் இல்லத்துக்கு மாற்ற வேண்டும்.

மாற்றுவது என்றால் சாமானை ஏற்றி இறக்குவது மட்டும் இல்லை. வீட்டிலிருந்து வில்லோ இல்லத்துக்கு அப்பாவைக் கொண்டுபோனபோது ஒரு மேசைவிளக்கு உடைந்தது, ஒரு செருப்பு காணாமல் போனது, டுவேனின் பெயர் தொலைந்தது. முதல் இரண்டுக்கும் லாரிக்காரன் வருத்தம் தெரிவித்தான். அன்றிலிருந்து அப்பாவுக்கு மகன் வெறும் 'பஸ்ஸு'. ஏதோ பஸ் ஓட்டுகிற, அடிக்கடி வந்து பார்க்கிற, நல்ல ஆள்.

மார்லீனின் பெயர் மட்டும் இன்னும் அவரிடம் பத்திரமாக இருந்தது.

*

தீயணைப்பு நிலையத்து ஹாலில் சனிக்கிழமை கார்டு சந்தை. இரண்டு தீயணைப்பு வண்டிகளையும் வெளியே பனியில் நிறுத்திவிட்டு, உள்ளே மேசைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். தொப்பியும் தொப்பையுமாக ஆண்கள் குனிந்து, நகைக்கடையில் பெண்கள் பார்ப்பதைவிடக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமையலறைப் பக்கம் சர்ச் பெண்கள் முட்டைக்கோஸையும் நூடுல்ஸையும் வெண்ணெயில் புரட்டி ஹலுஷ்கி செய்துகொண்டிருந்தார்கள். அந்த வாசனைக்கே டுவேனின் கால் அந்தப் பக்கம் திரும்பியது. மார்லீன் அவன் சட்டைக் கையைப் பிடித்து ரூடி சபோவின் மேசைக்குத் திருப்பினாள்.

ரூடி அந்தப் பள்ளத்தாக்கிலேயே பழைய கார்டு வியாபாரி. மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடியை மாட்டியிருந்தார்.

"எமிலோட பசங்களா! உங்கப்பா என்கிட்ட கார்டு வாங்கினதைவிட என்னைத் திட்டினதுதான் ஜாஸ்தி. எப்படியிருக்காரு மனுஷன்?"

"திட்டுறதை விட்டுட்டாரு," என்றாள் மார்லீன்.

ரூடியின் முகம் வாடியது. "அப்படின்னா நெலம மோசம்தான்," என்றார்.

முதலில் சாதாரண ஆட்டக்காரர்களின் கார்டுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி தள்ளிப் பார்த்தார். மூலைகள் தேய்ந்து, ஓரம் பஞ்சு பஞ்சாக இருந்தன. பிறகு மார்லீன் தனியாகச் சுற்றி வைத்திருந்த நீலப் பெட்டியைத் திறந்தாள். பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் அதில்தான். லெஃப்டி பிளாஞ்சார்டின் முதல் வருஷக் கார்டு மேலாக இருந்தது.

"அடேங்கப்பா!" ரூடி நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டார். "மூலையப் பாருங்க. பட்டா வெட்டு விழும் போல இருக்கு. அறுபது வருஷக் கார்டா இது?"

டுவேன் மனசுக்குள் அடுத்த வருஷ வாடகை வரைக்கும் கட்டி முடித்தான்.

ரூடி தன் மேசையிலிருந்து அதே வருஷத்து சாதாரணக் கார்டு ஒன்றை எடுத்து, அதன்மேல் பிளாஞ்சார்டை வைத்தார். அடியில் இருந்த கார்டின் வெள்ளை விளிம்பு நான்கு பக்கமும் மெல்லிய நூலாக வெளியே தெரிந்தது.

அவர் சிரிப்பு நின்றது. அடுத்த கார்டை வைத்தார். அதற்கடுத்தது. நான்கு பக்கமும் அதே நூல்.

"உங்கப்பா என்ன வேலை பார்த்தாரு?"

"பேப்பர் மில்லுல," என்றான் டுவேன். "கட்டிங் மெஷின்ல. முப்பத்திச் சொச்சம் வருஷம். ஏன்?"

ரூடி பூதக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஐயோ, எமில்," என்றார் மெதுவாக. முன்னால் இல்லாத மனிதரைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

"என்னன்னு சொல்லுங்க," என்றாள் மார்லீன்.

"ஓரத்தைச் சீவியிருக்காரு, அம்மா. தேஞ்ச மூலையெல்லாம் மறுபடி கூர்மையா வரணும்னு, ஒரு முடியளவு நாலு பக்கமும். இந்த மாதிரிச் சுத்தமான வெட்டு நான் பார்த்ததே இல்ல. மில் மெஷின்ல போட்டிருப்பாரு."

"சரி, சுத்தமாத்தானே இருக்கு?"

"அதான் தப்பு. தரம் போடுற கம்பெனிக்காரன் அளந்து பார்ப்பான். வெட்டின கார்டுன்னு தெரிஞ்சா தரத்துக்கு நம்பரே குடுக்க மாட்டான். அப்படியே திருப்பி அனுப்பிடுவான். பழுப்பேறி, மூலை மொக்கையா இருந்திருந்தா இந்த நீலப் பெட்டிக்கு மட்டும் நானே பத்தாயிரம் குடுத்து வாங்கியிருப்பேன்."

"இப்போ?"

"எழுநூறு. அதுவும் எமிலுக்காக."

"சாதாரணக் கார்டுங்க?" என்று கேட்டான் டுவேன்.

"அதுங்களை அவரு தொடவே இல்லியே. அதுக்கெல்லாம் நல்ல விலை வரும்." ரூடி ஒரு கார்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணுக்குக் கால் டாலர்."

சிரிக்க வேண்டிய இடம். டுவேனுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது, பாதி வழியில் வேறு ஏதோவாக மாறி, இருமி சமாளித்தான்.

மில்லில் புது பிளேடு மாட்டுகிற நாள்களில் அப்பா சாப்பாட்டு டப்பாவில் கார்டுகளை எடுத்துப் போவார். கூட வேலை செய்பவர்களிடம் பெருமையடிக்கப் போகிறார் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். சாயங்காலம் வரும்போது முகம் மலர்ந்திருக்கும். அப்பாவுக்கு எதுவும் நேராக இருக்க வேண்டும். வேலிச்செடி நேராக, ரொட்டித்துண்டு நேராக. பிள்ளைகளுக்கு முடிவெட்டும்போது அடிக்கோலை நெற்றியில் வைத்தே வெட்டுவார். பள்ளிப் படங்கள் எல்லாவற்றிலும் டுவேனின் முன்முடி கோடு போட்ட மாதிரி இருக்கும். அந்தப் படங்களால்தான் தனக்குக் கல்யாணம் தள்ளிப்போனது என்று அவன் பலரிடம் சொல்லியிருக்கிறான்.

'இதெல்லாம் உங்களுக்குத்தான்' என்று அவர் கார்டு பெட்டியைத் தட்டிச் சொன்னது ஞாபகம் வந்தது. மூலை கூராக இருந்தால்தான் நல்ல விலை என்று எங்கோ படித்திருக்கிறார். பிள்ளைகளுக்கு நல்ல விலை வரட்டும் என்று, இருந்ததிலேயே விலை உயர்ந்த கார்டுகளாகப் பொறுக்கியெடுத்து, ஒவ்வொன்றாக அழித்திருக்கிறார்.

"நான் போய் ஏதாவது சாப்பிடுறேன்," என்றான் டுவேன்.

மார்லீன் தலையசைத்தாள். நீலப் பெட்டியை மூடி, கைப்பையோடு சேர்த்து மார்பில் அணைத்துக்கொண்டாள்.

*

ஹலுஷ்கித் தட்டோடு அவன் திரும்பி வந்தபோது ரூடியின் மேசைக்கு முன்னால் மார்லீன் இல்லை. ஹாலின் அந்தக் கோடியில், ஜன்னலோரம், சிவப்பு மஃப்ளர் சுற்றிய ஒரு பெரியவரோடு நின்றிருந்தாள். நீலப் பெட்டி திறந்திருந்தது.

"என் தம்பி," என்று அறிமுகம் செய்தாள். "டுவேன், இவர் மிஸ்டர் ஃபிட்ச். ஒஹையோவிலேர்ந்து வந்திருக்கார். ஸ்கூல்ல பேண்ட் வாத்தியம் சொல்லிக்குடுத்தவர்."

வெண்டல் ஃபிட்ச் பிளாஞ்சார்டை இரண்டு விரலில், குருவிக்குஞ்சைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தார்.

"எங்கிட்டயும் இது இருந்துது, தம்பி. நான் பட்டாளத்துக்குப் போனேன், எங்கம்மா வீட்டைச் சுத்தம் பண்ணாங்க. அம்மான்னா உலகம் பூரா அம்மாதான் போல. திரும்பி வந்து பார்த்தா அலமாரியில கார்டு இருந்த இடத்துல ஒரு இஸ்திரிப் பெட்டி நிக்குது." சிரித்தார். "அப்புறம் வாங்கலாம்னா வீட்டுக்காரி விடலை. கிழவனுக்குப் பொம்மையான்னு கேப்பா. போன குளிர்காலத்துல அவளும் போயிட்டா. இப்போ கேக்க ஆளில்ல."

கார்டை வெளிச்சத்தில் திருப்பினார். கண் கலங்கியிருந்தது.

"பன்னெண்டு வயசுல உறையைப் பிரிச்சப்ப எப்படி இருந்துதோ, அப்படியே இருக்கு. இந்த மூலை! எங்க பார்த்தாலும் தேஞ்சு போனதாத்தான் காட்டுறாங்க."

மார்லீன் டுவேனை நாலடி தள்ளி இழுத்துப் போனாள்.

"பதினோராயிரம் சொன்னேன். பேரமே பேசலை. செக் புக்கை எடுத்துட்டாரு."

"மார்லீன். அந்த மனுஷனுக்குத் தெரியாது."

"தெரியாதுதான்."

"ரூடி சொன்னதை நீ கேட்டே இல்ல?"

"கேட்டேன். நீயும் கேட்டே. நம்ம ரெண்டு பேரைத் தவிர தெரிஞ்சது ரூடிக்கு மட்டும்தான். அவரு வாயத் தொறக்க மாட்டாரு."

"நாம ஏமாத்துறோம்."

"ஆமா," என்றாள். அவள் குரல் இறங்கிவிட்டது. "உனக்கென்ன, உன் பேரு போயாச்சு. அதுக்கு மேல அவர்கிட்ட நீ இழக்குறதுக்கு ஒண்ணும் இல்ல. என் பேரு இன்னும் இருக்கு, டுவேன். கதவைத் திறந்ததும் 'மார்லீன்'ங்கறாரு. இன்னொரு தடவை மாத்தினா அதுவும் போயிடும். நான் போய் நிப்பேன், 'யாரும்மா நீ'ன்னு மரியாதையா கேப்பாரு. எங்கிட்ட அவரு மரியாதையா பேசறதை என்னால தாங்க முடியாது."

டுவேன் ஒரு கரண்டி ஹலுஷ்கியை வாயில் போட்டுக்கொண்டான்.

மிஸ்டர் ஃபிட்ச் அவர்களிடமே வந்துவிட்டார்.

"வெக்கத்தை விட்டுச் சொல்றேன், எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. நீங்க சொல்றதுதான் எனக்கு. கார்டுல குறை ஏதாவது இருக்கா, தம்பி?"

டுவேனைப் பார்த்துத்தான் கேட்டார். வாய் நிறைய நூடுல்ஸ். மென்றான். இவ்வளவு நேரம் மெல்ல அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் மென்றுகொண்டிருந்தான். மார்லீனின் முகத்தைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா ரொம்ப அக்கறையா வெச்சிருந்தாரு," என்றான் கடைசியில்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

"பார்த்தாலே தெரியுதே!" என்று பெரியவர் அங்கேயே நின்று செக் எழுதினார். பேண்ட் வாத்தியார் கையெழுத்து, சுரக்குறி மாதிரி வளைவும் கொக்கியுமாக. "திங்கட்கிழமை தரம் போடுற இடத்துக்கு அனுப்பி, கண்ணாடி மாதிரி உறையில போட்டு வாங்கிடணும்னு எம் பொண்ணு சொல்லியிருக்கா." பிறகு ஒரு சீட்டில் தன் ஃபோன் நம்பரை எழுதி டுவேனின் சட்டைப்பையில் அவரே செருகினார். "உங்கப்பாவைப் பத்தி என்னிக்காவது சொல்லுங்க. யார் கையில இருந்த கார்டுன்னு தெரிஞ்சா எனக்குச் சந்தோஷமா இருக்கும்."

ஹாலின் மறுகோடியில் ரூடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். டுவேன் கண்ணை உயர்த்தியதும், அவர் ஏற்கெனவே நேராக இருந்த கார்டு பெட்டிகளை இன்னும் நேராக அடுக்க ஆரம்பித்தார்.

*

வேன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியது.

"ஏதாவது ஜோக் சொல்லு," என்றாள் மார்லீன்.

"வரலை."

"நீயா?"

"நானேதான். இன்னிக்கு லீவு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். துடைப்பான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தது. வெளியே பனி விட்டபாடில்லை.

வில்லோ இல்லத்து அலுவலகத்தில் சனிக்கிழமைக்கு ஒரு இளம் பெண் மட்டும் இருந்தாள். மார்லீன் செக்கின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு நீட்ட, அவள் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "கிறிஸ்மஸ் வரைக்கும் கவலையே இல்ல, மேடம்," என்றாள் உற்சாகமாக. லாட்டரி விழுந்தவர்களிடம் பேசுவதுபோல.

அப்பா ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, காகிதக் கைக்குட்டைகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மார்லீன்!" என்றார். "அட, பஸ்ஸையும் கூட்டிட்டு வந்தியா. உக்காருப்பா. வெளியில ரோடு எப்படி?"

"வழுக்குது, சார்," என்றான் டுவேன். அப்பாவுக்கு அது பிடிக்கும்.

மார்லீன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, கார்டை வித்தாச்சு. நீலப் பெட்டி."

அவர் கை நின்றது. எந்தக் கார்டு என்று கேட்கப் போகிறார், அல்லது அழப் போகிறார் என்று டுவேன் நினைத்தான்.

"என்ன விலைக்கு?"

"பதினோராயிரம்."

அப்பா பெரிதாக ஆச்சரியப்படவில்லை. எதிர்பார்த்த விலை வந்த மனிதரின் நிதானத்தோடு தலையசைத்தார்.

"மூலையப் பார்த்தானா?"

டுவேன்தான் சொன்னான். "பார்த்தாரு, சார். எங்கயும் இந்த மாதிரிப் பார்த்ததில்லைன்னாரு. கண்ணு கலங்கிடுச்சு மனுஷனுக்கு."

"கலங்கும்!" அப்பாவின் முகம் மலர்ந்தது. இத்தனை மாதத்தில் டுவேன் பார்க்காத முகம் அது. மேசையிலிருந்த கைக்குட்டைக் கட்டை எடுத்து, இரண்டு உள்ளங்கையாலும் தட்டிச் சதுரமாக்கி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். "இப்படிப் பிடிக்கணும். மேலயும் கீழயும் அட்டை வெச்சு. புது பிளேடு மாட்டினதும் முதல் வெட்டு. ரெண்டாவது வெட்டுல அந்தக் கூரு வராது. ஃபோர்மன் காப்பி குடிக்கப் போவான், நான் வேலைய முடிச்சிடுவேன். தேஞ்ச மூலைக்குக் கடைக்காரனுங்க காசைக் குறைப்பானுங்க. எம் பசங்க ஏமாறக் கூடாது பாரு."

வெட்டிக் காட்டினார். காற்றில்தான். கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

"அந்த ஆள்கிட்ட சொன்னீங்களா? யார் வேலைன்னு?"

மார்லீன் டுவேனைப் பார்த்தாள்.

"மார்லீன்? சொன்னியா?"

"இல்லப்பா. மறந்துட்டோம்."

"மறந்துட்டீங்களா!" அவருக்கு உண்மையிலேயே வருத்தம். "இவ்வளவு காசு குடுத்திருக்கான் மனுஷன். யார் கை பட்டதுன்னு தெரிய வேண்டாமா? கம்பெனியிலேர்ந்தே அப்படி வந்துதுன்னு நினைச்சுக்குவான். ஃபோன் போடு. நானே சொல்றேன். எப்படிச் செஞ்சேன்னு சொல்றேன்."

"நாளைக்குப் போடலாம்பா," என்றாள் மார்லீன். "இன்னிக்கு நேரமாச்சு."

அப்பா அவளைப் பார்த்தார். அவர் கண் அந்த நேரத்தில் தெளிவாக இருந்தது. முழுசாகத் தெளிவாக இருந்ததுதான் கொடுமை.

"நாளைக்கு நான் இதை மறந்துடுவேனேம்மா," என்றார். குறை சொல்கிற தொனியே இல்லை. நாளைக்கு மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார். "இப்பவே போடு."

டுவேன் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தான். அக்காவைப் பார்த்தான். வேண்டாம் என்று அவள் ஒரு தலையசைப்பு காட்டினால் போதும், நம்பர் தொலைந்துவிட்டது என்று அவன் சொல்லிவிடுவான். பொய் சொல்வதில் இன்று காலையிலிருந்து அவனுக்கு நல்ல பயிற்சி.

மார்லீன் தலையசைக்கவில்லை. வெகுநேரம் அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, அவர் சட்டைக் காலரின் பொத்தானைப் போட்டாள். கலைந்திருந்த முடியை விரலால் ஒதுக்கிவிட்டாள். ஒஹையோக்கார மனிதருக்கு ஃபோனில் இவர் முகம் தெரியப்போவது போல.

டுவேன் எண்ணை அழுத்தினான். மறுமுனையில் மணி அடிக்க ஆரம்பித்தது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஃபோனுக்காகக் கையை நீட்டினார்.